ஆணியில் தொங்காத ஹெல்மெட்

"வேலையை நிறுத்துங்க."

கன்டெய்னர் ஆபீஸில் அதற்குப் பிறகு ஃபேன் மட்டும்தான் ஓடியது. மேலாளரின் டீ கப் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. வரைபடத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த என்ஜினீயரின் விரல் லிஃப்ட் வரப்போகும் இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே கூடாது என்று அவளுக்கு இரண்டு இடத்தில் சொல்லியிருந்தார்கள். சைட்டில் சேர்ந்த அன்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மரம் வேணுமா, கேளுங்க. குருவிக்குக் கூடு வேணுமா, கேளுங்க. வவ்வாலுக்கு ஏசி ரூம் வேணும்னாலும் பார்க்கலாம். நிறுத்துங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க." அவளை உண்மையில் இங்கே அனுப்பியிருந்த துப்பறியும் ஆபீஸின் முதலாளி சிரிக்காமல் சொன்னார்: "நீ போறது ஒரு சாவை விசாரிக்க. நீர்நாயைக் காப்பாத்த இல்லை. நிறுத்துன்னு சொன்னா எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பாங்க. வேவு பார்க்கப் போறவளை யாரும் பார்க்கக் கூடாது."

இப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

அவளுக்கு சைட்டில் 'பூச்சி மேடம்' என்று பெயர். கடைகளும் ஹோட்டலும் ஆபீஸ்களுமாக எழும்பிக்கொண்டிருந்த இந்தப் பிரம்மாண்டத்தின் ஒரு மூலையில் பழைய குளம் ஒன்று இருந்தது. குளத்தையும் அதில் வாழும் நீர்நாய் முதலான உயிர்களையும் தொடக் கூடாது, பார்த்துக்கொள்ள ஒரு வனவுயிர் அலுவலரை வைக்க வேண்டும் என்பது கட்டட அனுமதியோடு வந்த நிபந்தனை. முன்னால் அந்த வேலையில் இருந்தவளை எல்லாரும் 'குளத்துக்காரி' என்று கூப்பிட்டார்கள். எந்நேரமும் குளக்கரையிலேயே கிடப்பாள். ஒரு நாள் காலையில் குளத்திலேயே கிடந்தாள்.

கால் வழுக்கி விழுந்து மூழ்கிவிட்டாள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அவளுடைய அக்கா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், துப்பறியும் ஆபீஸ் படியேறி வந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: "என் தங்கச்சி தண்ணியில வழுக்குறவ இல்லைங்க."

அந்தக் காலி இடத்தில் பூச்சியைச் செருகினார்கள். அவளிடம் விலங்கியல் பட்டம் இருந்தது. அவள் வீட்டில் யாரும் அதற்கு முன் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வாங்கிய நாளிலிருந்து இரும்புப் பெட்டியில் தூங்கிய அந்தப் பட்டம், முதல் முதலாக வெளியே வந்தது ஒரு பொய்க்குத் துணை போக. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்துப்போனவளும் அவள் வீட்டின் முதல் பட்டதாரிதான். படி, முன்னேறு என்றார்கள். முன்னேறியது குளம் வரைக்கும்.

"எதுக்கு மேடம் நிறுத்தணும்?" மேலாளர் கப்பைக் கீழே வைத்தார்.

"குளத்துல நீர்நாய் இருக்கு. காலையில சேத்துல தடம் பார்த்தேன். பெருசு ஒண்ணு. ஒட்டினாப்பல சின்னது ஒண்ணு. குட்டி."

"தெரு நாயா இருக்கும்."

"நாய்க்கு நாலு விரல் பதியும். இது அஞ்சு. நடுவுல சவ்வும் இருக்கு. உங்க சைட்டுக்குன்னு தனியா நாய் பொறந்திருந்தா எனக்குத் தெரியாது."

என்ஜினீயர் சிரிக்கப் போய், மேலாளரின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக்கிக்கொண்டார்.

"நீர்நாய் வளை காலியா இருக்குன்னு மேல சொல்லியாச்சு. உயிர் இல்லாத குளத்தை மூடலாம்னு அனுமதியும் வந்தாச்சு. டிப்பர் லாரி எல்லாம் மண்ணோட வரிசையா நிக்குது. சாப்பாட்டு மணி அடிச்சதும் கொட்ட ஆரம்பிப்போம். அதுக்குள்ள உங்க நீர்நாயைக் கூட்டிட்டு வந்து என் முன்னால நிறுத்துங்க. நானும் நிறுத்தறேன்."

"உங்க முன்னால வந்து கை கட்டி நிக்க அது என்ன சப்-கான்ட்ராக்டரா?"

மேலாளர் கோபப்படவில்லை. எழுந்து வந்து ஜன்னலைத் திறந்தார். எதிரே முதலுதவி அறை. அதன் வெளிச்சுவரில், கண்ணாடி மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான்.

"இந்த சைட்டை நிறுத்த ரெண்டுதான் வழி மேடம். ஒண்ணு நான். இன்னொண்ணு அந்த சைரன். வெறுந்தலையோட ஒருத்தன் கிரேன் அடியில நடந்தாலோ, எங்கயாவது மண் சரிஞ்சாலோ, சேஃப்டி ஆபீசர் அதை அழுத்துவார். அழுத்திட்டா அவ்வளவுதான். வெளியிலேருந்து பாதுகாப்புத் துறை ஆளுங்க வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு செங்கல் நகரக் கூடாது. வேலை ஆரம்பிச்ச நாளா அது ஒரு தடவை கூட ஊதினதில்லை. அதான் எங்க பெருமை. உங்க பேரு இந்த ரெண்டுலயும் இல்லை."

பூச்சி வெளியே வந்தாள்.

ஏணியில் ஏறி வவ்வால் பெட்டி ஒன்றை ஆணியடித்துக்கொண்டிருந்தவன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "உள்ள ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுச்சு. யாராவது செத்துட்டாங்களா?"

"நிறுத்துங்கன்னு சொன்னேன்."

"ஓ. அப்போ நாமதான் செத்தோம்."

அவன் துப்பறியும் ஆபீஸின் இன்னொரு ஆள். இங்கே அவளுக்கு உதவியாளாக, கேமராவும் கூட்டுப் பெட்டியும் மாட்டுகிறவனாக வேடம் போட்டிருந்தான். சேர்ந்த அன்றே 'ரேடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பேட்டரி தீராத ரேடியோ.

"முதலாளி கேட்டா என்ன சொல்றது?" என்று இறங்கினான்.

"குட்டையைக் குழப்பினேன்னு சொல்லு. மீன் வரும்."

"மீன் வந்தா பரவாயில்லை மேடம். முதலை வந்தா?"

கட்டட வேலை நடக்கும் பகுதிக்குள் நுழைய ஒரே ஒரு கேட். அங்கே ஹெல்மெட் அண்ணன் நின்றார். சேஃப்டி ஆபீசர் என்று அவருடைய சட்டையில் எழுதியிருந்தது. அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. கழுத்தில் விசில், நரைத்த மீசை, பெருத்த விரல்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, ஹெல்மெட்டின் தாடை வாரைத் தானே இழுத்து மாட்டிவிடுவார். மாட்டியதோடு விடமாட்டார். மிச்சம் தொங்கும் நுனியை இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்து, ரப்பர் வளையத்துக்குள் செருகுவார். பூச்சிக்கும் செருகினார்.

"தொங்கக் கூடாது தங்கச்சி. எங்கயாவது மாட்டிக்கும்."

"அண்ணே, என் பொண்டாட்டி கூட என்னை இப்படிக் கவனிச்சதில்லை," என்று ரேடியோ தாடையை நீட்டினான்.

"உனக்கு வார் தாடைக்கு இல்லடா. வாய்க்கு வேணும்."

அண்ணனோடு அவளும் சிரித்தாள். இந்த சைட்டில் சிரிப்பு வரவைக்கிற ஒரே மனிதர் அவர்தான்.

இரும்பும் சிமென்ட் தூசியும் தாண்டி, கார் நிறுத்தும் இடத்துக்காகத் தோண்டிய பெரிய குழியைச் சுற்றிக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். குழியின் சுவர் பச்சைக் காயம் மாதிரிச் சிவந்திருந்தது. அடி ஆழத்துச் செம்மண். குளத்தைச் சுற்றி ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கணக்குப்படி சைட் இல்லை; பாதுகாக்கப்பட்ட இடம். சேறு அங்கே மை போல் கறுப்பு. தண்ணீரின் மேல் ஒரு தட்டான் நின்றது. வேலிக்கு வெளியே டிப்பர்கள் வாலைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தன.

வேலிக் கதவுக் கட்டையில் ஓர் ஆணி இருந்தது. தினமும் பூச்சி தன்னுடைய வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி அதில்தான் மாட்டுவாள். வெள்ளையைக் கண்டால் கரையில் ஒன்று இருக்காது, எல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். இன்றைக்கும் கழற்றினாள். மாட்டினாள். கை அங்கேயே நின்றது.

"ரேடியோ. இந்த ஆணியைப் பாரு."

"ஆணி. இரும்பு. ஒரு முனை கட்டையில இருக்கு. வேற ஏதாவது இருக்கா?"

"ரப்பர் சுத்தியிருக்கு."

சைக்கிள் ட்யூபை மெல்லிசாகக் கிழித்து ஆணியைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஹெல்மெட் காற்றில் ஆடினாலும் 'டக்' என்று சத்தம் வராது. அதற்காக உட்கார்ந்து ட்யூபைக் கிழித்து, இழுத்து, முடிச்சுப் போட்டிருக்கிறாள் குளத்துக்காரி. இவ்வளவு நாள் மாட்டிக்கொண்டிருந்தும் இன்றைக்குத்தான் பூச்சிக்கு அது கண்ணில் பட்டது. ஆத்திரத்தில் கண் கொஞ்சம் திறக்கும் போலிருக்கிறது.

செல்போனில் குளத்துக்காரியின் அக்கா கொடுத்திருந்த படத்தைத் திறந்தாள். பார்த்துப் பார்த்து மரத்துப்போன படம். கரையில் கிடத்தப்பட்ட உடல், கறுப்புச் சேறு, தலையில் ஹெல்மெட். கம்பெனி அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டது: இறந்தவர் பாதுகாப்பு விதிகளை முழுமையாகப் பின்பற்றியிருந்தார், ஹெல்மெட்கூட அணிந்திருந்தார்.

ரேடியோ எட்டிப் பார்த்தான். படத்தையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள போறவ, செருப்போட கட்டில்ல படுத்துச் செத்தாங்கற மாதிரி இருக்கு."

"இவ தானா இங்க வரலை. கொண்டு வந்திருக்காங்க. கொண்டு வந்தவனுக்கு இந்த ஆணியைத் தெரியாது."

"அந்த ஹெல்மெட் இப்போ எங்க இருக்கும்?"

"கம்பெனி சொத்து. ஸ்டோருக்குத்தான் திரும்பி வந்திருக்கும்."

திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட ஹெல்மெட் அண்ணன், பூச்சியின் வார் தொங்குவதைப் பார்த்து மறுபடியும் மடித்துச் செருகிவிட்டார். ஸ்டோர் அக்கா கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். முழுக் குவியலிலும் இடது கைகளே அதிகமாக இருந்தன போலும், கடுப்பில் இருந்தாள்.

"அக்கா, குளத்துக்காரி போட்டிருந்த ஹெல்மெட் வேணும்."

"எதுக்கு?"

ரேடியோ முந்திக்கொண்டான். "மேடம் தலைக்கு இது லூஸா இருக்குக்கா. மூளை சின்னது."

"செத்தவ போட்டதை யாருடா போடுவா? கழுவிக் குடுக்கச் சொல்லித்தான் மேலேருந்து சொன்னாங்க. நான் தொடலை. உச்சித் தட்டுல தூக்கிப் போட்டேன், அங்கயே கிடக்கு. வேணும்னா நீயே ஏறி எடு. கைய கழுவிட்டுப் போ."

அவளுடைய அச்சம்தான் அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. ரேடியோ இறக்கிக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினான். வெளிப்பக்கமெல்லாம் கறுப்பு, காற்று ஓட்டைகளில் குளத்துச் சேறு காய்ந்து அடைத்திருந்தது. பூச்சி அதைத் திருப்பினாள். தலையைச் சுற்றி வரும் பஞ்சுப் பட்டை செங்கல் நிறத்தில் இறுகியிருந்தது. அதில் ஒரு முடி.

"உள்ள செம்மண், வெளியே கருஞ்சேறு," என்றாள். "செம்மண் குழியில மட்டும்தான் இருக்கு. முதல்ல தலையில மண் விழுந்திருக்கு. அப்புறம் ஹெல்மெட் மாட்டியிருக்காங்க. அப்புறம் குளம்."

"கிணறு வெட்ட பூதம்னு சொல்லுவாங்க. இங்க கார் நிறுத்த வெட்டினதுல வந்திருக்கு." ரேடியோவின் குரலில் சிரிப்பு இல்லை. "மேலாளர் வேலைதானே?"

அவளும் அப்படித்தான் நினைத்தாள். அந்த ஆளாக இருக்க வேண்டும் என்று சேர்ந்த நாளிலிருந்து ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் விரல் அதற்குள் தாடை வாருக்குப் போயிருந்தது. உடலைக் கரையேற்றியவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றும் அவசரத்தில் வாரைக் கத்தியால் ஒரு பக்கம் அறுத்திருக்கிறார்கள். அதனால் கொக்கி கழற்றப்படவே இல்லை. மாட்டியது மாட்டியபடி இருந்தது. மிச்ச நுனி தொங்கவில்லை. இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்து, ரப்பர் வளையத்துக்குள் செருகியிருந்தது.

பூச்சி மெதுவாகக் கையைத் தூக்கித் தன் தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். அதே மடிப்பு.

"அவரா?" ரேடியோ கிசுகிசுத்தான். "மேடம், அவரு எறும்புக்குக்கூட ஹெல்மெட் மாட்டிவிடுவாரே."

"அதான். மாட்டிவிட்டிருக்கார்."

ரேடியோவின் போன் அதிர்ந்தது. பேசிவிட்டுத் திரும்பினான். "முதலாளி. ஹெல்மெட் கையில வந்துட்டா கேஸ் முடிஞ்சுதாம். ரெண்டு பேரும் சத்தம் போடாம வெளியே வந்துடணுமாம். நீர்நாய் நம்ம கட்சிக்காரர் இல்லைன்னு சொல்லச் சொன்னார்."

"நீ போ. ஆந்தைக் கூட்டுப் பெட்டி ஒண்ணு ரிப்பேர்னு சொல்லி வண்டியில கட்டிட்டுப் போ. உள்ள இதை வெச்சுக்கோ. நேரா போலீஸ்கிட்டக் குடு."

"ஆந்தை வரும் வரும்னு பெட்டி வெச்சோம். ஹெல்மெட் வந்திருக்கு." அவன் நகரவில்லை. "நீங்க?"

"எனக்கு ஒரு வார் மாட்டணும்."

முதலுதவி அறையில் ஒரு ஒற்றைக் கட்டில், மடிக்கிற ஸ்ட்ரெச்சர், டெட்டால் வாசம். ஹெல்மெட் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூச்சி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தன் வாரின் நுனியை வளையத்திலிருந்து உருவித் தொங்கவிட்டு, அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் கை தானாக எழுந்தது. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, செருகல்.

"அவளுக்கும் இப்படித்தான் செருகினீங்க அண்ணே."

விரல்கள் அவள் தாடைக்குக் கீழேயே நின்றன.

"அறுத்தவங்க வாரைத்தான் அறுத்தாங்க. கொக்கி அப்படியே இருக்கு. இந்த சைட்டுல நுனியை ரெண்டு தடவை மடிக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தே பேசினார், யாரோ ஒருவரின் கையைப் பார்க்கிற மாதிரி.

"நீர்நாய்க் குட்டி ஒண்ணு குழிக்குள்ள விழுந்துடுச்சு தங்கச்சி. விழுந்த ஜீவன் ஏறி வரட்டும்னு அவ தினமும் சாயங்காலம் குழியில ஒரு பலகை சாய்ச்சு வெச்சுட்டுப் போவா. அன்னிக்கு அந்தப் பலகையை கான்கிரீட்டுக்கு சென்ட்ரிங் அடிக்க எடுத்துட்டாங்க. இருட்டின பிறகும் மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்தினா. மேலாளர் மேல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்தார். யாரும் நிறுத்தலை. வெள்ளையைக் கண்டா குட்டி மிரளும்னு ஹெல்மெட்டைக் கழட்டிட்டு அவளே இறங்கினா. சுவர் சரிஞ்சுது."

"சைரன்?"

"அழுத்தப் போனேன். கையைப் புடிச்சுக்கிட்டார். முதல்ல ஆளைத் தூக்குன்னார். தோண்டி எடுத்தோம். சட்டைக்குள்ள குட்டியை அணைச்சுப் புடிச்சிருந்தா. அது துள்ளி ஓடிடுச்சு. அவ தலையில நல்ல அடி. பேச்சு இல்லை."

"செத்துட்டாளா?"

அண்ணன் நிமிர்ந்தார். அடிபட்ட மாதிரி அவளைப் பார்த்தார்.

"செத்தவளுக்கு யாராவது ஹெல்மெட் மாட்டுவாங்களா தங்கச்சி? மூச்சு இருந்துச்சு. கிரேன் அடியிலதான் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிட்டுப் போகணும். மேல இரும்பு ஆடிக்கிட்டு இருக்கு. தலையில அடிபட்டவங்களுக்கு மாட்டக் கூடாதுன்னு எனக்கே தெரியும். கை கேக்கலை. மாட்டினேன். செருகினேன். நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு அவர் வண்டியில ஏத்திக்கிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன், கேட்டைத் திறந்து விட்டேன்."

இது பூச்சி எதிர்பார்த்து வந்த கதை இல்லை.

"அப்புறம்?"

"சீக்கிரமா திரும்பி வந்துட்டார். வழியிலயே உயிர் போயிடுச்சுன்னார். சைட்டுக்குள்ள சாவுன்னா வேலையை மூடிடுவாங்க, இத்தனை குடும்பமும் தெருவுக்கு வரும், வேலிக்கு அந்தப் பக்கம்னா சைட் கணக்குல வராதுன்னார். குழியில நின்ன ரெண்டு பேரை மறுநாளே வேற ஊரு சைட்டுக்கு அனுப்பிட்டார். நான் வாயை மூடிக்கிட்டேன். போன உயிர் திரும்பியா வரப்போவுதுன்னு..."

"அண்ணே." அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நல்லவிதமாகச் சொல்ல வழி இல்லை. "டாக்டர் எழுதினது என்ன? ஊருக்கே தெரியும். தண்ணியில மூழ்கிச் சாவு."

"ஆமா."

"செத்தவங்க மூழ்க மாட்டாங்க. நெஞ்சுக்குள்ள தண்ணி போகணும்னா மூச்சு இழுக்கணும்."

வெளியே கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணனுக்கு விளங்க அது நாலைந்து சுற்று எடுத்துக்கொண்டது. விளங்கியபோது அவர் அழவில்லை, கத்தவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கட்டிலில் வைத்தார். அதை அவர் கழற்றி அவள் பார்த்ததே இல்லை.

கதவு திறந்தது. மேலாளர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். எவ்வளவு நேரமாக வெளியே நின்றார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் போதுமான நேரம்.

"ஸ்டோர்ல ஒரு ஹெல்மெட்டைக் காணோமாம்," என்றார். "எங்க?"

"ஆந்தைகிட்ட."

"வந்த அன்னிக்கே தெரியும், நீ பூச்சி புடிக்கிறவ இல்லைன்னு." 'மேடம்' உதிர்ந்து போயிருந்தது. "சரி, கேட்டுக்கோ. ஒரு பிளாஸ்டிக் தொப்பியும் கொஞ்சம் மண்ணும் வெச்சு என்ன பண்ணுவே? சாட்சி வேணும். அண்ணன் சொல்லுவாரா? சொல்லுங்க அண்ணே, சொல்லுவீங்களா? அன்னிக்கு சைரன் அழுத்தாதது யாரு? ஸ்ட்ரெச்சர்ல ஒரு முனையைத் தூக்கினது யாரு?"

அண்ணனின் தலை தாழ்ந்தது.

"பார்த்தியா." மேலாளரின் குரல் இளகியது, அதுதான் அசிங்கமாக இருந்தது. "நான் ஒண்ணும் அரக்கன் இல்லை. உயிரினங்கள் மேல எனக்கும் அக்கறை உண்டு. மொட்டை மாடியில தோட்டம் வரப்போகுது. வண்ணத்துப்பூச்சிக்குச் செடி, சுவர் பூரா கூட்டுப் பெட்டி, விளக்குப் போட்டு ஒரு புதுக் குளம். இந்தச் சாக்கடையை விட எவ்வளவோ மேல். அதுக்கு அந்தப் பொண்ணு பேரையே வைக்கிறேன். வாசல்ல பளிங்குல ஒரு பலகை. போதுமா?"

"பலகை வைக்கணும்னா அன்னிக்கே வெச்சிருக்கணும் சார். குழியில."

சாப்பாட்டு மணி அடித்தது. குளத்துப் பக்கம் டிப்பர்கள் ஒவ்வொன்றாக உறுமின. ரிவர்ஸில் வரும் வண்டியின் 'பீம் பீம்' சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "உன் ஆந்தை போலீஸ் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்து, அவங்க கிளம்பி வர்றதுக்குள்ள அது தரையாயிடும். அந்தக் கரையில என் டயர் தடம் இருந்துதா, எவன் காலடி இருந்துது, எல்லாம் உள்ள போயிடும். உன் நீர்நாயும். உனக்கு வேணும்னா இன்னொரு தடவை கேட்டுப் பாரேன். நிறுத்துங்கன்னு."

பூச்சி காலையில் பார்த்த தடத்தை நினைத்தாள். பெரிய தடத்தை ஒட்டி ஓடிய சின்னத் தடம். அஞ்சு விரல். ஒரு பெண்ணின் சட்டைக்குள்ளிருந்து துள்ளி ஓடிய கால் அது. யாரோ ஒருத்தி அதற்காகக் கொடுத்தது வீணாகவில்லை. இன்றைய சாப்பாட்டு மணி வரைக்கும்.

அவள் கையைத் தாடைக்குக் கொண்டுபோனாள். அண்ணன் சற்று முன் செருகிய நுனியை வளையத்திலிருந்து உருவினாள். ஒரு மடிப்பு பிரிந்தது. இன்னொரு மடிப்பு பிரிந்தது. கொக்கி 'டக்' என்றது. ஹெல்மெட்டைக் கழற்றி அண்ணனின் மடியில் வைத்தாள், அவர் கைகளுக்கு நடுவில்.

"என்ன பண்றே?" என்றார் மேலாளர்.

கேட்பதெல்லாம் காலையோடு முடிந்துவிட்டது. அவரைத் தாண்டி வெளியே வந்தாள்.

வெயில் உச்சந்தலையில் இறங்கியது. இத்தனை நாளில் முதல் முறையாக இந்த மண்ணில் தலைமுடியில் காற்று பட்டது. சுவரில் அந்தச் சிவப்புப் பொத்தான் கண்ணாடிக்குள் இருந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவளுடையது இல்லை; உள்ளே மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறவருடையது. முன்னால் கிரேன் ஒரு கட்டு இரும்பை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. அதன் நிழல் தரையில் மெல்ல நகர்ந்தது. நிழலுக்கு அந்தப் பக்கம் குழி. அதற்கும் அந்தப் பக்கம் வேலி.

டிப்பன் பாக்ஸோடு உட்கார்ந்தவர்கள் தலை தூக்கினார்கள். யாரோ விசிலடித்தார்கள். "மேடம், தொப்பி," என்று ஒருவன் கத்தினான்.

"புடிங்கடா அவளை," என்று பின்னால் மேலாளரின் குரல் முதல் முறையாக உடைந்தது.

அதற்கும் பின்னாலிருந்து இன்னொரு குரல், தினமும் கேட்டில் கேட்கிற குரல், பழக்கத்தில் வாய்க்கு வந்துவிட்ட மாதிரி ஆரம்பித்தது. "தங்கச்சி, தலையில..."

பாதியில் அது நின்றது.

பூச்சி நிற்கவில்லை. வெறுந்தலையோடு கிரேனின் நிழலுக்குள் காலெடுத்து வைத்து, குளத்தைப் பார்த்து நடந்தாள்.